96 மாடல் டிஃபெண்டர் 110: இங்கிலாந்திலிருந்து பெர்த்துக்கு, நாலு வருஷத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

ரோட்டோரம்96 கேட்டது:

வணக்கம். வேலை மாற்றலில் நாலு வருஷம் பெர்த்தில் இருக்கவேண்டி வருகிறது. வண்டியையும் கூடவே கொண்டுபோகும் எண்ணம். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஸ்டேஷன் வேகன், 300 டிடிஐ டீசல், வலது பக்க ஸ்டீயரிங். 1996-ல் தயாரானது. ஆனால் வி5சி-யில் (பிரிட்டனின் வண்டிப் பதிவுச் சான்று) முதல் பதிவு 1997 மார்ச் என்றுதான் இருக்கிறது. மேலே ரூஃப் ராக், பின்கதவில் ஏணி, பக்கத்தில் ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் காற்று இழுக்கும் உயரக் குழாய்), பின்னால் எதிரெதிராகப் பார்க்கும் மடக்கு சீட் நாலு.

கார்னெட் எடுத்தால் போதுமா, இறக்குமதியே செய்யவேண்டுமா? கன்டெய்னரா, ரோரோவா? ஆஸ்திரேலியாவில் மண் விஷயத்தில் கெடுபிடி என்கிறார்கள். நல்ல வாட்டர் வாஷ் ஒன்று அடித்தால் ஆகாதா? பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஏஜென்ட் கேட்கிறார், அதற்கு என்ன பதில் சொல்வது? நாலு வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவரும் வழியையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்:

கார்னெட்டை முதலில் ஓரமாக வையுங்க. அது வண்டிக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் மாதிரி. ‘திரும்ப வெளியே எடுத்துப் போய்விடுவேன்’ என்ற உத்தரவாதத்தின் பேரில் வரி வாங்காமல் உள்ளே விடுவார்கள். ஆஸ்திரேலியாவும் அதை ஏற்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தின் ஆயுளே 12 மாதம். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு இருக்கும்: உள்ளே நுழையும்போது சுங்கம் ஒன்றைக் கிழித்துக்கொள்ளும், வெளியேறும்போது இன்னொன்றை, அடிக்கட்டை உங்கள் கையில். வெளியேறியதற்கான முத்திரை அடிக்கட்டையில் விழவில்லை என்றால் அந்த நாட்டு வரியைக் கார்னெட் கொடுத்த சங்கத்திடம் கேட்பார்கள். சங்கம் உங்கள் டெபாசிட்டில் கை வைக்கும். ஆறு மாதம் பாலைவனம் சுற்றிவிட்டுத் திரும்புகிறவருக்கு அது சரியான வழி. நாலு வருஷத்துக்கு இல்லை.

உங்களுக்கு வேண்டியது வெஹிக்கிள் இம்போர்ட் அப்ரூவல். 2018-ம் வருஷத்து ரோடு வெஹிக்கிள் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டப்படி வருவது. 2021 ஜூலை 1 முதல் இந்த முறைதான் ஓடுகிறது. விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில். அந்தத் தளத்தின் பெயரும் ரோவர்தான், நம் ரோவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உள்ளே பல வழிகள் இருக்கும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர் வெளிநாட்டில் குறைந்தது ஒரு வருஷம் வைத்து ஓட்டிய வண்டிக்கு ஒரு வழி. தயாராகி 25 வருஷம் தாண்டிய பழைய வண்டிக்கு ஒரு வழி. உங்களுடையது இரண்டாவது. அதில் விசா வகையைப் பற்றிய கேள்வி எழாது. வண்டியின் வயதுதான் பேச்சு.

அந்த வயதை நிரூபிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வி5சி-யில் இருப்பது முதல் பதிவுத் தேதி, தயாரிப்புத் தேதி அல்ல. சேஸிஸ் எண்ணின் பத்தாவது இடத்தில் வரும் எழுத்து மாடல் வருஷத்தைச் சொல்லும். அதுவும் தயாரிப்புத் தேதி ஆகாது, ஏனென்றால் மாடல் வருஷம் முந்தைய வருஷத்தின் நடுவிலேயே தொடங்கிவிடும். உங்களுக்கு எந்தக் கணக்குப் பார்த்தாலும் 25 தாண்டிவிட்டது, அதனால் கவலை குறைவு. இருந்தாலும் தயாரிப்பாளரின் ஆவணப்படி வண்டி எந்தத் தேதியில் ஆலையை விட்டு வந்தது என்ற சான்றிதழ் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்தால் கேள்வியே வராது. சீட் பெல்ட்டின் அடியில் தைத்த லேபிளிலும் ஒரு தேதி இருக்கும். அது துணைச் சான்று மட்டும்.

இன்னொன்று: எண் வண்டியிலும் படிக்கக்கூடியதாக இருக்கணும். பானெட்டைத் திறந்தால் பிரேக் பெடல் பாக்ஸ் மேல் ஒரு தகடு. அது போக, வலது பக்க சேஸிஸ் ரெயிலில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எண் நேரடியாகவே குத்தப்பட்டிருக்கும். குளிர்காலத்தில் உப்பு தூவும் இங்கிலாந்துச் சாலையில் ஓடிய வண்டியில் அந்த இடம் துருவேறி செதில் செதிலாக இருக்கும். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்துவிட்டுப் போட்டோ எடுங்க. கிரைண்டரைக் கிட்டே கொண்டுபோகாதீங்க. எண்ணை அழித்த மாதிரி ஆகிவிடும். முன்பு யாராவது கால்வனைஸ்டு சேஸிஸ் மாற்றியிருந்தால் அதில் எண்ணே இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் மாற்றிய பில், பழைய எண்ணைப் புதிதில் குத்திய விவரம் இரண்டும் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே கையில் வேணும்.

அப்ரூவல் கைக்கு வராமல் வண்டியைக் கப்பல் ஏற்றாதீங்க. வண்டி கடலில் இருக்கும்போது விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று சில ஏஜென்டுகள் சொல்வார்கள். மறுத்துவிட்டால் திருப்பி அனுப்புவது அல்லது நொறுக்குவது, இரண்டுமே உங்கள் செலவில்.

இங்கிலாந்துப் பக்கம் சுலபம். 12 மாதத்துக்கு மேல் வெளியே போனால் அது நிரந்தர ஏற்றுமதி. வி5சி-யில் அதற்கென்று இருக்கும் பகுதியை நிரப்பிக் கிழித்து டிவிஎல்ஏ-வுக்கு (பிரிட்டனின் வண்டிப் பதிவு அலுவலகம்) அனுப்பணும், மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளணும். கிழிப்பதற்கு முன் முழுசாக ஸ்கேன் எடுங்க. சாலை வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்குப் பணம் திரும்ப வரும். பேன்சி நம்பர் பிளேட் இருந்தால் அதற்கு முன்பே எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்க.

டீசல்வாசனை:

வாட்டர் வாஷ் கேள்விக்கு நான் வர்றேன். போதாது. பக்கத்திலேயே வராது.

ஆஸ்திரேலிய பயோசெக்யூரிட்டி (வெளிநாட்டுப் பூச்சி, நோய் உள்ளே வராமல் தடுக்கிற துறை) அதிகாரி பெயின்ட் பளபளப்பைப் பார்க்கிறதில்லை. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கிட்டு அடியில் படுப்பார். ஒரு சிட்டிகை மண், ஒரு புல் விதை, காய்ந்த இலை, செத்த பூச்சி — எது கிடைச்சாலும் வண்டி நிறுத்தம். அங்கேயே கழுவச் சொல்லுவாங்க, மறுபடி பார்ப்பாங்க. ஒவ்வொரு தடவைக்கும் பில், நடுவில் யார்டு வாடகை வேற.

டிஃபெண்டர் மண்ணைச் சேர்த்து வைக்கிறதுக்குன்னே செஞ்ச வண்டி. சேஸிஸ் ரெயில் பெட்டி மாதிரி உள்ளே கூடு. ஓட்டை வழியாப் போன சேறு உள்ளேயே காய்ஞ்சு செங்கல் ஆகியிருக்கும். வளையக்கூடிய நீளமான குழாய் முனையை முன்பக்க ஓட்டையில் விட்டுத் தண்ணீர் அடிச்சுப் பாருங்க, பின் கிராஸ்மெம்பர் (சேஸிஸோட குறுக்குச் சட்டம்) வழியா முதல்ல டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அரை மணி அடிச்ச பிறகு தெளிஞ்ச மாதிரி இருக்கும். நிறுத்திட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுநாள் அடிங்க, மறுபடியும் டிகாக்‌ஷன். வெள்ளைத் துணியை அடியில் பிடிச்சு, அதில் கறை விழாத வரைக்கும் விடக்கூடாது. மூணு நாள் ஒதுக்குங்க.

மத்தவங்க மறக்கிற இடங்கள்: 110 ஸ்டேஷன் வேகனில் டீசல் டேங்க் பின்னாடி ரெண்டு ரெயிலுக்கும் நடுவில் தொங்குது. அதோட தலையில் இரண்டு விரல் கனத்துக்கு மண் மெத்தை இருக்கும். டேங்கை இறக்காமல் அது கண்ணில்கூடப் படாது. எப்படியும் கப்பல் ஏத்தும்போது கால் டேங்க்குக்குக் கீழேதான் டீசல் இருக்கணும், அதனால் அந்த நேரத்தில் இறக்கிடுங்க. அப்புறம் ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னாடி. ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் முன்னாடி பூச்சிக் கல்லறை. விங் மேல் ஒட்டின செக்கர் பிளேட்டுக்கு அடியில் (கழட்டியே ஆகணும்). ஹீட்டருக்குக் காற்று இழுக்கிற விங் ஓரத் துவாரத்தில் காய்ஞ்ச இலை. முன்சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி. ஸ்பேர் டயருக்கும் பின்கதவுக்கும் நடுவில். ஏர் ஃபில்டர் டப்பா, ஸ்நார்க்கல் தலை — ஃபில்டரைப் புதுசு போடுங்க, பழசு முழுக்க விதையும் பூச்சியும்தான். டயர் தடத்தில் சிக்கின சின்னக் கல்லை ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுக்கணும். தரை விரிப்பை எடுத்துட்டு வேக்யூம்; கதவு ரப்பருக்குள் விரலை விட்டுப் பாருங்க.

இப்ப ஒரு பெரிய தப்பு சொல்றேன். கழுவி முடிச்சதும் ‘துரு பிடிக்காம இருக்கட்டும்’னு அடியில் புதுசா மெழுகோ தார்ப் பூச்சோ அடிச்சுடுவாங்க. அதிகாரி கண்ணுக்கு அது மண்ணை மறைச்ச மாதிரிதான் தெரியும். மெழுகுக்குள் ஒட்டின மண்ணைக் கழுவவும் முடியாது. பூச்சு வேலையை பெர்த் போய் செய்ங்க. அங்கே ரோட்டில் உப்பு தூவுறதில்லை, அவசரமே இல்லை.

கழுவின பிறகு புல்தரையில் நிறுத்தாதீங்க, துறைமுகத்துக்கும் ஓட்டிட்டுப் போகாதீங்க. ஈரமான இங்கிலாந்து ரோட்டில் 100 கிலோமீட்டர் ஓடினா மூணு நாள் வேலை காலி. லாரியில் ஏத்தி அனுப்புங்க.

ரோட்டோரம்96:

டேங்க் தலை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆஸ்பெஸ்டாஸ் பற்றிச் சொல்லுங்கள். இங்கே பாகங்கள் விற்கும் கடையில் ‘எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது, பெட்டியிலேயே போட்டிருக்கு’ என்கிறார்கள். அந்தப் பில் போதுமா?

டீசல்வாசனை:

போதும்னு நம்பி மாட்டிக்கிட்டவங்க உண்டு. ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை. முழுன்னா முழு; இவ்வளவு சதவீதம் வரை பரவாயில்லைங்கிற கணக்கே கிடையாது. சில நாடுகளில் கொஞ்சம் இருந்தாலும் ‘இல்லாதது’ன்னு லேபிள் ஒட்டச் சட்டம் விடுது. அதனால் பெட்டி மேல் எழுதியிருக்கிறதை எல்லைப் படை ஒரு சாட்சியாக எடுத்துக்காது. இங்கிலாந்து வெள்ளை ஆஸ்பெஸ்டாஸைத் தடை பண்ணினது 1999-ல். உங்க வண்டி அதுக்கு முந்தினது, சந்தேகம் இயல்பாவே வரும்.

300 டிடிஐ-யில் பார்க்க வேண்டியவை: முன் பிரேக் பேட், பின் பேட் (உங்க வருஷத்து 110-ல் பின்னாலும் டிஸ்க்தான்), கிளட்ச் தட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட், டர்போ ஃபிளாஞ்ச் கேஸ்கெட், டவுன்பைப் கேஸ்கெட், ஹெட் கேஸ்கெட், பானெட்டுக்கு அடியிலும் பல்க்ஹெட்டிலும் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) இருக்கிற சத்தம் தடுக்கிற மெத்தை, சைலன்ஸர் பக்கத்து வெப்பத் தகடு.

எல்லாரும் விடுற ஒண்ணு ஹேண்ட்பிரேக். டிஃபெண்டரில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு (கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற பெட்டி) பின்னாடி, பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆரம்பிக்கிற இடத்தில் தனி டிரம். அதுக்குள்ளே ரெண்டு ஷூ. சக்கரத்து பேட் நாலு தடவை மாறியிருக்கும், இந்த ஷூ ஆலையில் போட்டதாவே இருக்கலாம். அதை முதல்ல மாத்துங்க. டிரம்மைக் கழட்டும்போது ஏர் பைப்பால் ஊதாதீங்க, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீங்க. நல்லாத் தண்ணீரில் நனைச்சு, மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடைச்சு, துணியோட பையில் கட்டிடணும்.

சாட்சிக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பாகத்தை மாத்திட்டு, புதுப் பாகத்திலிருந்தே ஒரு துண்டு எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குறது. ஆஸ்திரேலியாவின் நாட்டா அங்கீகாரம் அல்லது அதுக்கு ஈடாக அவங்க ஒத்துக்கிற அங்கீகாரம் அந்த ஆய்வகத்துக்கு இருக்கணும். ஏஜென்ட் கிட்ட முன்னாலேயே பேரைக் கொடுத்து உறுதி பண்ணிக்குங்க. இன்னொண்ணு, இருக்கிற பாகத்திலேயே மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. எதைச் செஞ்சாலும் ஒவ்வொரு மாதிரிக்கும் எண் போட்டு, எந்த இடத்தில் எடுத்ததுன்னு வண்டியோட சேர்த்துப் போட்டோ வேணும். ‘நாலு மாதிரி, எதிலும் இல்லை’ன்னு ஒரு வரி அறிக்கை வந்தால் அது எந்த நாலுன்னு கேட்பாங்க.

கிளட்ச்தான் தலைவலி. கியர்பாக்ஸைப் பிரிக்காமல் தட்டில் மாதிரி எடுக்க முடியாது. ஏற்கெனவே மாத்தின பில் இருந்தால் பாகத்தோட தயாரிப்பாளர் பேர் அதில் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இங்கேயே கியர்பாக்ஸை இறக்கிப் புதுத் தட்டு போட்டுட்டுப் போறதுதான் மலிவு. அங்கே போய் மாட்டிக்கிட்டால் வண்டி பாண்டில் (சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கு) நிக்கும், மெக்கானிக்கையும் ஆஸ்பெஸ்டாஸ் உரிமம் உள்ள ஆளையும் அங்கேயே கூட்டிட்டு வரணும்.

ஏசி இருந்தால் அதில் என்ன வாயு இருக்குன்னு பாருங்க. பழைய ஆர்12-ஆக இருந்தால் இங்கேயே உரிமம் உள்ளவர் கிட்ட வெளியே எடுத்துச் சான்று வாங்கிடுங்க.

துறைமுகத்தான்:

இப்போது கப்பல். ரோரோ என்றால் வண்டியைத் துறைமுக ஆள் ஓட்டிக் கப்பலுக்குள் நிறுத்துவார். சாவி அவர்களிடம். உள்ளே ஒரு சாமானும் வைக்கக்கூடாது. கருவிப் பெட்டி, ஹை லிஃப்ட் ஜாக், கேம்பிங் பெட்டி எதுவும். வண்டி ஸ்டார்ட் ஆகி, பிரேக் பிடிக்கணும். கட்டணம் கன மீட்டர் கணக்கு. உங்கள் வண்டியை 4.6 மீட்டர் நீளம், 1.8 அகலம், 2.05 உயரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 17 கன மீட்டர். ரூஃப் ராக்கோடு உயரம் 2.35 ஆனால் 19.5. அந்த இரண்டரை கன மீட்டரும் வெறும் காற்றுக்குக் கொடுக்கும் காசு. எதில் அனுப்பினாலும் ராக்கைக் கழற்றுங்க.

நாலு வருஷத்துக்குப் போகிறவருக்கு என் ஓட்டு 20 அடி கன்டெய்னருக்குத்தான். உள்நீளம் 5.9 மீட்டர், உள்ளகலம் 2.35. கதவு உயரம்தான் கவனிக்கணும்: 2.28 சுற்றி. ராக் இல்லாத 110 தாராளமாக நுழையும். ராக்கைப் பிரித்துப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டிவிடலாம். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம், அங்கே கருவிகளும் வீட்டுச் சாமானும் போகும். ஆனால் அந்தச் சாமானும் இதே சோதனைக்கு உட்பட்டது: கூடாரத்தின் முளைக்குச்சி, நடைக்காலணியின் அடி, எல்லாவற்றிலும் மண் பார்ப்பார்கள். சாப்பாட்டுப் பொருள் ஒன்றும் வேண்டாம். கேஸ் சிலிண்டர், டீசல் வாசம் போகாத ஜெர்ரி கேன் இரண்டையும் விட்டுவிடுங்க.

ஓட்டி உள்ளே விடுகிறவர் எப்படி வெளியே வருவார் என்று முன்கூட்டியே யோசியுங்க. அகலத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 55 சென்டிமீட்டர்தான் மிச்சம். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு சாண் சொச்சம், அதில் டிஃபெண்டர் கதவைத் திறந்து ஆள் இறங்க முடியாது. இடது சுவரை ஒட்டி நிறுத்தி வலது கதவுக்கு இடம் விடுவார்கள், இல்லாவிட்டால் சீட் மேல் ஏறிப் பின்கதவு வழியாக வருவார்கள். ஸ்நார்க்கல் எந்தப் பக்கம் என்று சொல்லிவையுங்க, உரசுவது அதுதான்.

கட்டுவதில் ஒரு நுணுக்கம். ராட்செட் பெல்ட்டை பாடியிலோ பம்பரிலோ மாட்டி இழுத்துக் கட்டினால், கப்பல் ஆட ஆட ஸ்பிரிங் அமுங்கி எழுந்து பெல்ட் தளர்ந்துவிடும். சக்கரத்தைச் சுற்றி, அல்லது ஆக்ஸிலைத் தரையோடு கட்டணும். அப்போது பாடி தன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளும், வண்டி நகராது. கியரில் போட்டு நிறுத்தும்போது டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்க. அது நியூட்ரலில் இருந்தால் மெயின் கியர் எதில் இருந்தும் பயனில்லை. நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. அந்தக் கட்டை வெறும் மரமாக இருக்கக்கூடாது. ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச விதி) முத்திரை குத்தியதாக இருக்கணும். வண்டி முழுக்கச் சுத்தமாக இருந்து, முத்திரை இல்லாத ஒரு சக்கரக் கட்டையால் கன்டெய்னர் பூச்சி மருந்துக்குப் போவதும் நடக்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி டேப் சுற்றுங்க. ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே தொங்கவிடுங்க. செங்கடல் தாக்குதல்களுக்குப் பின் 2023 இறுதியிலிருந்து பல கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் அதில் பத்து நாளுக்கு மேல் நீண்டது. உங்கள் கப்பல் எந்த வழி என்று கேட்டுக்கொண்டு, அதன்படி வாடகைக் கார் ஏற்பாடு செய்யுங்க.

முடிந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை கப்பல் ஏறுகிற மாதிரி பாருங்க. செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை நாற்றப்பூச்சிப் பருவம் என்று ஆஸ்திரேலியா தனிக் கெடுபிடி வைக்கிறது. ஐரோப்பாவில் பழுப்பு நாற்றப்பூச்சி குளிருக்கு ஒதுங்க வண்டி இடுக்கில் புகுந்து தூங்கும். இங்கிலாந்தில் ஏற்றினாலும் ரோரோ கப்பல் ஜெர்மனியிலும் ஏற்றிவிட்டு வந்திருந்தால், பக்கத்து வண்டியில் பூச்சி இருந்தாலும் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். நான் கன்டெய்னர் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்ஷூரன்ஸ் ‘மொத்த இழப்பு மட்டும்’ என்று மலிவாக வாங்காதீங்க. ஜெனரல் ஆவரேஜ் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்க. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கு போடும் பழைய கடல் வழக்கம் அது. 2021-ல் சூயஸில் குறுக்கே நின்ற எவர் கிவன் கப்பலில் அதைத்தான் அறிவித்தார்கள். பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காதவரை உங்கள் கன்டெய்னர் கைக்கு வராது.

ஐந்தாம்கியர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டிடி5 என்ஜின் டிஃபெண்டர், முதல் பதிவு 2001 செப்டம்பர். இதே வழியில் போகலாமா?

துறைமுகத்தான்:

மாதக் கணக்குப் பார்க்கணும். விண்ணப்பிக்கும்போது தயாரிப்பு மாதத்திலிருந்து 25 வருஷம் முடிந்திருக்கணும். பதிவுக்குச் சில மாதம் முன்பே ஆலையை விட்டு வந்திருக்கும் என்பதால் உங்களுக்கு அது லாபம்தான், ஆனால் சான்றிதழ் இல்லாமல் அந்த லாபம் கிடைக்காது. ஆலைத் தேதிச் சான்றை வாங்கிவிட்டு அப்புறம் பேசலாம்.

சுவான்கரை:

பெர்த் பக்கத்து விவரம் நான் சொல்கிறேன்.

வரி: சுங்கத் தீர்வை 5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 10 சதவீதம். ஜிஎஸ்டி வண்டி மதிப்புக்கு மட்டும் அல்ல. மதிப்பு, தீர்வை, கப்பல் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டிய தொகைக்கு. வண்டியை 20,000 ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டால் தீர்வை 1,000. கப்பலும் இன்ஷூரன்ஸும் 5,000 என்று வைத்தால் கூட்டு 26,000, ஜிஎஸ்டி 2,600. ஆக 3,600 டாலர். பிரிட்டன்–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2023 மே 31 முதல் நடைமுறையில் இருக்கிறது; சொலிஹல் ஆலையில் செய்த வண்டி என்பதற்கு ஒப்பந்தம் கேட்கிற மாதிரி மூலச் சான்று காட்ட முடிந்தால் அந்த 5 சதவீதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 1,000 டாலருக்காகக் காகிதம் தேடி அலைவது உங்கள் விருப்பம். மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். இந்த வண்டிகளின் சந்தை விலை அவர்களுக்குத் தெரியும்.

கப்பல் ஏஜென்ட் கொடுக்கும் விலையில் ஃப்ரீமேண்டில் (பெர்த்தின் துறைமுகம்) பக்கச் செலவு பெரும்பாலும் இருக்காது. டெர்மினல் கூலி, டெலிவரி ஆர்டர், கன்டெய்னர் பிரிப்பு, பயோசெக்யூரிட்டி பரிசோதனை, புரோக்கர் கூலி, காலிக் கன்டெய்னர் திருப்பும் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இலவச நாள் எத்தனை என்பதும் முக்கியம், ஆஸ்பெஸ்டாஸ் கேள்வி எழுந்தால் அந்த நாள் எல்லாம் கரைந்துவிடும்.

பதிவு: பாண்டிலிருந்து பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போக டெம்பரரி மூவ்மென்ட் பெர்மிட் எடுக்கலாம். பரிசோதனையில் துருதான் முதல் எதிரி. பின் கிராஸ்மெம்பர், அவுட்ரிகர் (சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கை), பல்க்ஹெட்டின் கால் வைக்கும் கிண்ணம், இந்த மூன்றிலும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி, ‘டப்’ என்றால் இங்கிலாந்திலேயே வெல்டு வையுங்கள். இடது ஓரம் ஓட்டும் நாடு என்பதால் ஹெட்லைட் மாற்றவேண்டாம். மீட்டரில் மைலுக்கு உள்வட்டமாகக் கிலோமீட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் எதிரெதிராகப் பார்க்கும் சீட் நாலும் சிக்கல் தரக்கூடியவை. பெல்ட் வசதி சரியில்லை என்றால் சீட்டைக் கழற்றி, இருக்கை எண்ணிக்கையைக் குறைத்துப் பதிவு செய்வதே சுருக்கமான வழி. காயத்துக்கான கட்டாய இன்ஷூரன்ஸ் மேற்கு ஆஸ்திரேலியாவில் வண்டி லைசென்ஸ் கட்டணத்திலேயே வந்துவிடும். வண்டிக்கான இன்ஷூரன்ஸ் தனி.

பாகங்களைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஆஸ்திரேலிய ராணுவம் 110-ஐ பெரென்ட்டி என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் ஓட்டியது. அதில் என்ஜின் இசுஸு 3.9 லிட்டர், சேஸிஸ் கால்வனைஸ்டு, அதனால் என்ஜின் பாகம் ஒத்து வராது. பாடியிலும் கதவிலும் நிறையவே ஒத்துப்போகும். என்ஜினுக்கு இரண்டு வேலையை இங்கிலாந்திலேயே முடித்துவிடுங்கள். ஒன்று டைமிங் பெல்ட்: சாதாரண ஓட்டத்துக்கு 72,000 மைல் என்றால், புழுதியிலும் வெயிலிலும் அதில் பாதிதான் கணக்கு. 300 டிடிஐ-யில் பெல்ட் ஓரமாக நகர்ந்து தேயும் கோளாறு இருந்த காலத்து வண்டி உங்களுடையது; கவரைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் திருத்திய கிட் போட்டே ஆகணும். இன்னொன்று பி கேஸ்கெட். வாட்டர் பம்ப் பக்கத்து அந்தச் சின்னக் கேஸ்கெட்டில் கூலன்ட் மெதுவாகக் கசியும். இங்கிலாந்துக் குளிரில் தெரியாது. 42 டிகிரியில் ஏற்றம் ஏறும்போது தண்ணீர் குறைந்தால் ஹெட் போய்விடும். பழைய கேஸ்கெட்டைக் கழற்றுவதால் ஆஸ்பெஸ்டாஸ் கணக்கிலும் ஒன்று குறையும்.

துறைமுகத்தான்:

திரும்பி வருவது விட்டுப்போயிற்று. பிரிட்டனில் திரும்பி வரும் சாமானுக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் சாதாரணமாக 3 வருஷத்துக்குள் வரணும். நீங்கள் நாலு என்கிறீங்க. அதற்குக் குடிபெயர்ப்புச் சலுகை இருக்கு: 12 மாதத்துக்கு மேல் வெளியே குடியிருந்து, வண்டியை 6 மாதத்துக்கு மேல் சொந்தமாக வைத்து ஓட்டியிருந்தால் கேட்கலாம். வண்டி கப்பல் ஏறும் முன்பே விண்ணப்பியுங்க. வந்து சேர்ந்தால் 14 நாளுக்குள் சுங்கத்துக்கு வண்டி வந்ததைத் தெரிவிக்கணும், அதற்கு அப்புறம்தான் டிவிஎல்ஏ பதிவு.

அதனால் இப்போது கிடைக்கும் ஏற்றுமதி அறிவிப்பு எண், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), மீதி வி5சி மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்க. பெர்த் பதிவுக்கும் சுவான்கரை சொன்ன பரிசோதனைக்கும் அதே கவர் வேணும், அசலைக் கன்டெய்னருக்குள் போட்டு அனுப்பிடாதீங்க.

ரோட்டோரம்96:

எல்லாருக்கும் நன்றி. ஆலைச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஹேண்ட்பிரேக் டிரம்மிலிருந்து ஆரம்பிக்கிறேன். கியர்பாக்ஸ் இறங்கும்போது மாதிரி எடுக்கும் முறையில் சந்தேகம் வந்தால் இதே இழையில் கேட்கிறேன்.